தோற்றவர்கள் வருவார்கள்

என் வயதுக்காரர்களே, கிட்டத்துக்கு ஒரு கண்ணாடியும் தூரத்துக்கு இன்னொன்றுமாய் வைத்துக்கொண்டு இரண்டையும் தேடித் திரிகிறவர்களே, உங்களிடம் சொன்னால்தான் இது விளங்கும். நம் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களில் பிழையில்லை. நானே முப்பது வருடமாக இதை ஒரு பகிடிக் கதையாகத்தான் சொல்லி வந்தேன். கலியாண வீடுகளில், பிறந்தநாள்களில், சாப்பாட்டு மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறேன். இன்று பின்னேரம் தங்கச்சியோடு தொலைபேசியில் கதைத்த பிறகு அந்தச் சிரிப்பு வரவில்லை.

கியூபெக் கனடாவை விட்டுத் தனிநாடாகப் போவதா இல்லையா என்று வாக்கெடுப்பு வைத்த அந்த இலையுதிர் காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். எனக்குப் பன்னிரண்டு வயது. தங்கச்சிக்கு நாலு. கியூபெக்கின் கார்ட்டியர்வில்லில் ஒரு செங்கல் வீட்டின் மேல்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். வெளிப்புறமாக வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரி. அவரை மதாம் என்று கூப்பிடுவோம். தனிக்கட்டை. தையல் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். அவர் படியில் நின்றுவிட்டுப் போனால் சிகரெட்டும் புதினா மிட்டாயும் கலந்த ஒரு வாசம் கொஞ்ச நேரம் நிற்கும்.

மதாமின் பால்கனியில், 'ஆம்' என்று பிரெஞ்சில் எழுதிய நீலப் பலகை ஒன்று கட்டப்பட்டிருந்தது. தனிநாடு வேண்டும் என்ற பக்கத்தின் பலகை அது. அதற்கு நேர் மேலேதான் எங்கள் உடுப்புக் காயப்போடும் கொடி. நான் பள்ளிக்கூட மேலாடையை எடுக்கக் குனியும்போதெல்லாம் அந்த எழுத்துகள் தலைகீழாகத் தெரியும். அது எங்களைப் பார்த்துத்தான் கட்டப்பட்டது என்று நான் நம்பினேன். அம்மாவும் அப்படித்தான் நம்பினார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பெடியன் என்னிடம், ஆம் வென்றால் நீங்களெல்லாம் திரும்பிப் போக வேண்டும், என் அப்பா சொன்னார் என்றான். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும், குடை கொண்டு வா என்பது போலச் சொன்னான். எங்கே திரும்பிப் போவது? நாங்கள் விட்டு வந்த வீட்டுக்குக் கூரை இல்லை என்று கடிதம் வந்திருந்தது. வகுப்பில் தொங்கிய கனடாப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கத்தரிக்கோலால் எந்த இடத்தில் வெட்டுவார்கள், நாங்கள் எந்தத் துண்டில் இருப்போம் என்று யோசிப்பேன்.

அப்பாவுக்கு ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. ஈரமான அட்டைப்பெட்டியும் கொத்தமல்லியும் மணக்க மணக்க வருவார். அந்தக் கிழமைகளில் அவர் வீட்டுக்கு வந்ததும் சொல்வது ஒன்றே.

"முதலாளி வேண்டாமெண்டுறான். பக்கத்துக் கடைக்காரன் வேணுமெண்டுறான். நான் ரெண்டு பேருக்கும் தலையாட்டிப்போட்டு வாறன்."

அம்மா தலையாட்டுகிற ஆள் இல்லை. எங்களுக்குக் குடியுரிமை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வாக்களிக்கப் போவேன் என்று நின்றார்.

"நீர் போகவேண்டாம்," என்றார் அப்பா. "உது அவையளின்ரை சண்டை. தனிநாடு கேட்ட கதையெல்லாம் பாத்துக் களைச்சுத்தானே இஞ்சை ஓடி வந்தனாங்கள்."

"அப்ப என்னத்துக்குச் சத்தியம் பண்ணிச் சிற்றிசன் எடுத்தனாங்கள்? சுவரிலை கொழுவவோ? இஞ்சேருங்கோ, ஒருக்காலெண்டாலும் நான் பயமில்லாமல் ஒரு புள்ளடி போட்டுப் பாக்க வேணும்."

புள்ளடி என்றால் வாக்குச்சீட்டில் போடும் பெருக்கல் அடையாளம். அந்தச் சொல்லை அம்மா ஏதோ தின்பண்டத்தின் பெயர் போலச் சொன்னார். எதற்குப் புள்ளடி போடுவார் என்று அப்பா கேட்கவில்லை. இன்றுவரைக்கும் யாருக்கும் தெரியாது.

ஆனால் பயமில்லாமல் என்று சொன்னவர் செய்த ஆயத்தங்களைக் கேளுங்கள்.

வாக்கெடுப்புக்கு முந்தின கிழமையே இடது கைச் சின்னி விரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டார். வெட்டுக் காயம் எதுவும் இல்லை. படிக்கட்டில் மதாமைக் கண்டபோது அந்த விரலைத் தூக்கிக் காட்டி, கத்தி, கத்தி என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார். மதாம் உள்ளே போய் ஒரு மருந்துக் குழாயைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா மெர்சி சொல்லி வாங்கி, மேலே வந்து குப்பையில் போட்டார்.

உங்களில் பலருக்கு இது ஏன் என்று சொல்லத் தேவையில்லை. நம் ஊரில் வாக்களித்தால் அந்த விரலில் மை பூசுவார்கள். எங்கள் மாமா, அம்மாவின் தமையன், ஒரு தேர்தலில் வாக்களித்துவிட்டு வந்தார். யாரும் வாக்களிக்கக் கூடாது என்று துவக்கும் தோட்டாவும் வைத்திருந்தவர்கள் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்த காலம். வீட்டுக்கு வந்த பிறகுதான் மாமாவுக்குப் பயம் பிடித்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தார். சுண்ணாம்பு போட்டார். மை போகவில்லை. கடைசியில் பிளேடை எடுத்துத் தோலைச் சீவினார். காயம் சீழ் பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடந்து, பிறகு விரலைப் பாதியில் எடுக்க வேண்டியதாயிற்று. அவரைத் தேடி ஒருவரும் வரவேயில்லை. அந்தத் தெருவுக்குள் ஒரு சைக்கிள்கூட வரவில்லை. அவர் எங்களுக்கு அனுப்பிய ஒவ்வொரு படத்திலும் இடது கை காற்சட்டைப் பைக்குள்தான் இருக்கும்.

ஆகவே அம்மாவின் கணக்கு இது. முன்கூட்டியே பிளாஸ்டர் சுற்றியிருந்தால், வாக்களித்த பிறகும் அதே பிளாஸ்டர்தான் இருக்கும். உள்ளே மை இருப்பது மதாமுக்குத் தெரியவராது. நான் அதை மகா புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.

ஆயத்தம் அதோடு முடியவில்லை. மண்ணிறப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து கதவருகே வந்தது. ஒரு காது உடைந்த பெட்டி; அதன் உள்துணியில் இன்னும் ஊர் வீட்டுப் பூச்சி உருண்டை மணம் இருந்தது. பாஸ்போட்டுகள் பிஸ்கட் தகரத்துக்குள் போயின. அரிசி, பருப்பு, மெழுகுவர்த்தி, நெருப்புப்பெட்டி. எனக்கும் தங்கச்சிக்கும் குளிர்காலச் சப்பாத்துகள் கட்டிலருகே வைக்கப்பட்டன. டொரொண்டோவில் இருந்த சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, வந்தால் இடமிருக்குமோ என்று அப்பா கேட்டதை நான் சுவரோடு நின்று கேட்டேன். அப்பாவும் பயந்துவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பயம் இல்லை.

வாக்களிக்கும் நாளில் அம்மாவோடு நான்தான் போனேன், மொழிக்காக. பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபம். சப்பாத்து ஈரமும் பந்து ரப்பரும் மணத்தது. நீண்ட வரிசை. ஒருவரும் சத்தமாகக் கதைக்கவில்லை. எங்கள் மேசைக்குக் கிட்டப் போனதும் அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தார். நகம் பதிந்தது.

மேசையின் ஓரத்தில் மதாம் உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வொரு பக்கமும் தன் ஆள் ஒருவரை மேசையில் இருத்தி, எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கலாமாம். மதாம் தன் பக்கத்துக்காக வந்திருந்தார். நல்ல சட்டை போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தார். அம்மா தன் பெயரையும் விலாசத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் விலாசம் மதாமின் விலாசமும்தானே. அம்மா என்னை முன்னால் தள்ளினார். நான்தான் சொன்னேன்.

அம்மா மறைப்புக்குப் பின்னால் போனார். வந்தார். சீட்டைப் பெட்டியில் போட்டார். பிறகு, எல்லாம் பிழையாகிவிட்டது, இனி மறைத்து என்ன என்பது போல, பிளாஸ்டரை எல்லோருக்கும் முன்னால் உரித்து, சின்னி விரலை, சீட்டுக் கொடுத்த மேசைக்காரரிடம் நீட்டினார்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மையைப் பற்றி நான் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் அவர் எழுந்து, நீட்டிய கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த இடத்தில்தான் கலியாண வீடுகளில் எல்லோரும் சிரிப்பார்கள். அன்று அம்மாவின் முகத்தைப் பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். மதாம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். காயமில்லாத விரலை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மை பூசேல்லையோ?"

"இல்லை."

"அப்ப நல்லதுதானே! ஒருத்தருக்கும் தெரியாது."

"மதாம் இருந்தவ. கண்ணுக்கு நேரை இருந்து பாத்தவ," என்றார் அம்மா. "பேந்து என்னத்துக்கு மை?"

அன்று மாலை தொலைக்காட்சியில் எண்ணிக்கை. ஒரு கோடு நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. கீழே மதாமின் வீட்டில் சனம் கூடியிருந்தது. கோடு ஒரு பக்கம் போனால் கீழே ஆரவாரம். மறுபக்கம் போனால் மயான அமைதி. எங்களுக்குத் தொலைக்காட்சியே தேவைப்படவில்லை. தரையால் வந்த சத்தத்தை வைத்தே தெரிந்தது. கடைசியில் கீழே சத்தம் நின்றது, பிறகு வரவேயில்லை. மயிரிழையில் அவர்கள் தோற்றிருந்தார்கள். தோற்ற பக்கத் தலைவரின் மேடைப் பேச்சில், தோல்விக்குக் காரணமென்று எங்களைப் போல வந்து குடியேறியவர்களின் பக்கமாகவும் ஒரு விரல் நீண்டது. நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார்.

"நாளைக்கு வருவினம்," என்றார் அம்மா. "தோத்த ஆக்கள்தான் வாறவை. எங்கையும் அப்பிடித்தான்."

உடனே எழுந்துபோய்க் குளியல் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டார். ஊரில் தேர்தலுக்குப் பிறகு ஊரடங்கு வரும். ஊரடங்கு வந்தால் தண்ணீர் வராது. அதனால் இருக்கிற பாத்திரமெல்லாம் நிரப்பி வைப்பது வழக்கம். தொட்டியின் மேல் விளிம்புக்குக் கீழே, தண்ணீர் கூடினால் வழிந்தோட ஒரு துவாரம் இருக்குமல்லவா? இன்னும் ஒரு வாளித் தண்ணீர் கூடப் பிடிக்கட்டும் என்று அதைப் பழைய சேலைத் துணியால் அடைத்தார். நிரம்பியதும் குழாயைப் பூட்டினார். அது எப்போதும் சரியாகப் பூட்டுப்படாத குழாய். பதற்றத்தில் ஒருவரும் அதை நினைக்கவில்லை.

நாங்கள் உடுப்போடு படுத்தோம்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் இரும்புப் படி அதிர்ந்தது. யாரோ ஓடி ஏறுகிற சத்தம். பிறகு கதவில் இடி. கையால் தட்டியதல்ல, முஷ்டியால் குத்தியது. கூடவே உரத்த குரலில் வசவு. தேவாலயச் சாமான்களின் பெயரைச் சொல்லித் திட்டுவது இந்த ஊர் வழக்கம், உங்களுக்குத் தெரியும்; திருப்பலிக் கிண்ணம் முதல் ஒன்றையும் விட்டுவைக்காத வசவு. அப்பா என்னையும் தங்கச்சியையும் அலுமாரிக்குள் தள்ளினார். உள்ளே குளிர்கோட்டுகளின் கம்பளி மணம். தங்கச்சி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அக்கா, அவை வந்திட்டினமோ என்று காதுக்குள் கேட்டாள். என் கால் வழியே சூடாக ஏதோ ஓடியது. பன்னிரண்டு வயதில். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

"பிள்ளை, வெளியிலை வா. என்னவோ கேக்கிறா, விளங்கேல்லை," என்று அம்மா கூப்பிட்டார்.

வாசலில் மதாம். நேற்றுப் போட்ட நல்ல சட்டை, கசங்கிப்போய். உதட்டுச்சாயம் கலைந்திருந்தது. கண்கள் வீங்கியிருந்தன. தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் எங்களைத் தள்ளிக்கொண்டு குளியலறைக்குப் போனார். அங்கே தண்ணீர் தொட்டி விளிம்பால் அமைதியாக வழிந்துகொண்டிருந்தது. சட்டைக் கையைக்கூட மடிக்காமல் தோள்வரை கையைத் தொட்டிக்குள் விட்டு அடைப்பைப் பிடுங்கினார். பிறகு திரும்பி நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கதவருகே பெட்டி. மேசையில் பிஸ்கட் தகரம். அரிசி மூட்டை. அலுமாரிக்குள்ளிருந்து சப்பாத்துக் காலோடு எட்டிப் பார்த்த தங்கச்சி. அம்மாவின் வெறும் விரல்.

ஏன் தொட்டியை நிரப்பினீர்கள் என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"சொல்லு," என்றார் அம்மா. "உள்ளதைச் சொல்லு."

தோற்றவர்கள் வருவார்கள் என்று அம்மா சொன்னார், அதற்காகத்தான் என்று நான் பிரெஞ்சில் சொன்னேன்.

மதாம் ஈரத் தலைமயிரை முகத்திலிருந்து ஒதுக்கினார். பிறகு பேசியதை நான் துண்டு துண்டாக அம்மாவுக்குச் சொன்னேன்.

"உங்களைப் போல ஆக்களாலைதான் தோத்தனாங்களெண்டு இரவு கீழை எல்லாரும் சொன்னவையாம், அம்மா. தானும் சொன்னவவாம்."

அம்மாவின் கை என் தலையில் இருந்தது. அது அசையவில்லை.

"தான்தான் தோத்த ஆளாம். இப்ப வந்திட்டாவாம். வாளி இருக்கோ எண்டு கேக்கிறா."

அப்பா சந்தையிலிருந்து கொண்டுவந்த ஒலிவ்காய் வாளிகள் சமையலறையில் அடுக்கியிருந்தன. அவர் எடுத்து நீட்டினார். மதாமும் அம்மாவும் முழங்காலில் நின்று தரையைத் துடைத்தார்கள். ஒருவர் பிழிய மற்றவர் துடைக்க. மதாம் துடைத்துக்கொண்டே அழுதார். எங்கள்மீது இரங்கி அழவில்லை. தன் வாழ்நாள் ஆசை போனதற்காக அழுதார். அம்மாவுக்கு அது விளங்கியது. ஆறுதல் சொல்லவில்லை, பால் விடாத பிளேன்டீ போட்டுக் கொடுத்தார். மதாம் ஒரு மிடறு குடித்துவிட்டு, சீனி கூடிப்போச்சு என்று முகத்தைச் சுளித்தார். பிறகு கீழே போய்த் தன் பலகையைக் கழற்றினார். அதற்குப் பிறகும் அவர் எங்களோடு பெரிய நட்பாகிவிடவில்லை. புள்ளடியை எதற்குப் போட்டாய் என்று ஒருநாளும் கேட்கவுமில்லை. ஆனால் நாங்கள் அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க, மேலே பலமாக ஏதாவது விழுந்தால், விளக்குமாற்றுப் பிடியால் தன் வீட்டு உட்கூரையைத் தட்டுவார். ஒன்றுமில்லை என்று அம்மா காலால் தரையைத் தட்டிப் பதில் சொல்வார்.

இனி இன்றைய கதை.

மதாமும் அப்பாவும் இப்போது இல்லை. நான் கியூபெக்கிலேயே, பியர்பொன்ட்ஸில் இருக்கிறேன், அம்மா என்னோடு. அலுமாரிக்குள் என் கழுத்தைக் கட்டிக்கொண்ட தங்கச்சி பென்சில்வேனியாவில் இருக்கிறாள், அமெரிக்கக் குடியுரிமையோடு. நாளைக்கு அங்கே தேர்தல். அவள் தன் ஊர் வாக்குச்சாவடியில் மேசையில் உட்காரச் சம்மதித்திருக்கிறாள், பெயர் கேட்டுச் சீட்டுக் கொடுக்கிற வேலை. போன கிழமை அதற்கான பயிற்சி முடிந்து வெளியே வந்தபோது, ஒருவன் தரிப்பிடத்தில் நின்று அங்கிருந்த ஒவ்வொரு காரின் இலக்கத் தகட்டையும் படம் எடுத்தானாம். அவளுடையதையும்.

நாம் எல்லோரும் இங்கிருந்து பார்த்தோம்தானே, அங்கே ஒருமுறை தோற்ற பக்கத்து ஆட்கள் வந்ததை. பாராளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு வந்தார்கள். அன்று நான் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றபோது கம்பளிக் கோட்டு மணம் மூக்கில் அடித்தது.

பின்னேரம் அவள் அழைப்பு எடுத்தபோது சமையலறை மேசையில் தொலைபேசியை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன். அம்மா பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்தார்.

"போகாதையடி," என்றேன். "எனக்குப் பயமாக் கிடக்கு. அந்த மேசைக்கு வேறை ஆக்கள் வருவினம்."

"வரேல்லை அக்கா. போனமுறை இருந்த கிழவியள் பாதிப்பேர் இந்தமுறை மாட்டனெண்டிட்டினம். எல்லாரும் பயந்தால் பேந்து அதிலை ஆர் இருக்கிறது?"

"உன்ரை புருசன் என்ன சொல்லுறார்?"

"அவர் என்னோடை கதைக்கிறேல்லை ரெண்டு நாளா. நான் போகத்தான் போறன்." கொஞ்சம் நிறுத்தினாள். "சிரிக்காதை அக்கா. இப்பத்தான் குளியல் தொட்டியை நிரப்பிப்போட்டு வாறன்."

நான் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போது நாலு வயது. அவளுக்கு ஒன்றும் நினைவிருக்காது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

அம்மா பயத்தங்காயைக் கீழே வைத்தார். தொலைபேசிப் பக்கமாகக் குனிந்தார்.

"பிள்ளை, நீ எத்தினையாம் மாடி?"

"ஆறு, அம்மா."

"உனக்கு நேர் கீழை ஆர் இருக்கினம்?"

அந்தப் பக்கம் ஏதோ ஒரு குழாய் சொட்டுகிறது போல எனக்குக் கேட்டது. என் பிரமையாகவும் இருக்கலாம்.

"தெரியேல்லை அம்மா," என்றாள் தங்கச்சி. "நாங்கள் வந்து எத்தினையோ வருசமாச்சு. ஒருநாளும் கண்டதில்லை."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அன்று அந்த மேசைக்கு முன்னால் பார்த்த அதே முகம்.

"அப்ப, தண்ணி வழிஞ்சால் ஆர் பிள்ளை வந்து தட்டுறது?"